ஒற்றை நிற வால்பேப்பர்: நான்கு வழிகளில் எது எவ்வளவு கசியும்?

திரை முழுக்க ஒரே நிறம் வைக்க நான்கு வழிகள் உண்டு: இயங்குதளத்தில் ஏற்கெனவே இருக்கும் நிறத் தெரிவு, கையால் செய்த பிஎன்ஜி (தரம் குறையாமல் சேமிக்கும் பட வடிவம்) படம், நிறப்படம் உருவாக்கித் தரும் இணையதளம், வால்பேப்பர் செயலி. திரையில் தெரிவது நான்கிலும் ஒன்றுதான். அந்த நிறம் திரைக்கு வருவதற்குள் உங்களைப் பற்றி யாருக்கு என்ன தெரிந்துவிடுகிறது என்பதில்தான் வேறுபாடு.

முதலிடம் இயங்குதளத்தின் தெரிவுக்கே. இதில் படக்கோப்பே கிடையாது. அதனால் கோப்போடு ஒட்டிவரும் இடம், தேதி, மென்பொருள் பெயர் போன்ற எதுவும் கிடையாது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், பர்சனலைசேஷன், பேக்கிரவுண்ட் என்று போய் ‘சாலிட் கலர்’ எடுத்தால் முடிந்தது. மேக்கில் வால்பேப்பர் பக்கத்தின் ‘கலர்ஸ்’ பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி உங்கள் நிறத்தைச் சேர்க்கலாம். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் புதிய வால்பேப்பர் சேர்க்கும் இடத்திலேயே ‘கலர்’ இருக்கிறது. ஆனால் முதலில் வருவது சாய்நிறம், அதாவது ஒரு சாயலிலிருந்து இன்னொன்றுக்கு மெல்ல மாறும் நிறம். பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால்தான் ஒற்றை நிறம் கிடைக்கும். பலர் பாதியிலேயே விட்டுவிடுவது இங்கேதான். லினக்ஸில் இரண்டு இடைமுகங்கள் பரவலானவை. கேடிஈ பிளாஸ்மாவில் ‘பிளெய்ன் கலர்’ என்று நேராகவே இருக்கிறது. க்னோமின் செட்டிங்ஸில் அந்த வசதி இல்லை. டிகான்ஃப் எடிட்டர் என்ற அமைப்பு மாற்றும் கருவியில் பின்னணிப் படத்தை ‘ஏதுமில்லை’ என்று வைத்து, முதன்மை நிறத்தை மாற்ற வேண்டும்.

இந்த வழி எங்கே கைவிடும்? விண்டோஸின் பூட்டுத்திரையில். அங்கே ஸ்பாட்லைட், படம், ஸ்லைடுஷோ ஆகிய மூன்றுதான் உண்டு, நிறம் இல்லை. ஸ்பாட்லைட்டை அப்படியே விட்டால் அது இணையத்திலிருந்து படங்களை இறக்கிக்கொண்டே இருக்கும். நிறத் தெரிவையே தராத ஆண்ட்ராய்டு போன்களும் உண்டு. அப்போது கையால் செய்த பிஎன்ஜி வேண்டும்.

விண்டோஸோடு வரும் பெயின்ட் போதும், இணையம் தேவையில்லை. கன்ட்ரோல்-டபிள்யூ அழுத்தி அளவை பிக்சலில் கொடுங்கள். விகிதத்தைக் காக்கும் தெரிவை முதலில் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் அகலத்தை மாற்றும்போது உயரமும் தானாக மாறும். கணினிக்கு 1920×1080, போனுக்கு 1080×2400. திரையின் அளவோடு சரியாகப் பொருந்தாவிட்டாலும் கவலையில்லை, ஒரே நிறம் நீண்டாலும் ஒரே நிறம்தான். நிறத்தை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகக் கொடுத்து, வாளியால் நிரப்பி, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். 1080×2400 படத்தின் சுருக்காத அளவு ஏறத்தாழ 78 லட்சம் பைட். ஒரே நிறம் என்பதால் அது சில பத்து கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். கோப்பு அதைவிடப் பலமடங்கு பெரிதாக இருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்று பொருள்.

ஜேபெக் வேண்டாம். நிறத்தை ஒளியாகவும் சாயமாகவும் பிரித்துத் திரும்பச் சேர்க்கும்போது முழுமையாக்கலில் எண் ஒன்றிரண்டு நகரும். போதாததற்கு, வால்பேப்பராக வைத்த ஜேபெக்கை விண்டோஸ் 85 விழுக்காடு தரத்தில் மறுபடி சுருக்குகிறது. கிம்ப் என்ற பட மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஏற்றுமதி செய்யும்போது உருவாக்கிய நேரம், குறிப்பு, எக்ஸிஃப், எக்ஸ்எம்பி (கடைசி இரண்டும் படத்தோடு ஒட்டிவரும் விவரங்கள்) ஆகியவற்றுக்கான டிக் குறிகளை நீக்கிவிட வேண்டும்.

கைவசம் உள்ள புகைப்படத்திலோ திரைப்பிடிப்பிலோ வெற்றிடத்தை வெட்டி எடுப்பது சோம்பேறி வழி; ஆபத்தும் அதில்தான் அதிகம். ‘ஏக்ராப்பலிப்ஸ்’ என்ற குறை 2023-இல் வெளியே வந்தபோது, பிக்சல் போன்களின் வெட்டும் கருவி வெட்டிய பகுதியின் தரவைக் கோப்பின் வாலிலேயே விட்டுவைத்திருந்தது தெரிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலும் அதில் சிக்கியது. இரண்டும் சரிசெய்யப்பட்டுவிட்டன, ஆனால் அதற்கு முன் வெட்டிய படங்கள் தாமாகத் திருந்தாது.

போனில் இன்னொன்று: பிஎன்ஜி கேலரியில் கிடந்தால் தானியங்கிக் காப்பு அதையும் இணையச் சேமிப்புக்கு (மேகம்) அனுப்பும். வால்பேப்பராக வைத்ததும் அழித்துவிடலாம். இயங்குதளம் தனக்கென ஒரு நகல் வைத்துக்கொள்கிறது.

இணையதளம் வசதியானது. நல்ல தளமென்றால் உலாவிக்குள்ளேயே படத்தை வரைந்துவிடும், நீங்கள் எடுத்த நிறம் வெளியே போகாது. சோதிக்க, பக்கம் திறந்தபின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் படத்தை உருவாக்குங்கள். வரவில்லையென்றால் சேவையகத்தில்தான் வேலை நடக்கிறது. வந்தாலும் முழு நம்பிக்கை வேண்டாம். இணைப்பு திரும்பியதும் பக்கம் எதையாவது அனுப்பலாம், ஆகவே தாவலை மூடிவிட்டு இணைப்பைப் போடுங்கள். இறக்கிய கோப்பு எந்த முகவரியிலிருந்து வந்தது என்பதை விண்டோஸும் மேக்கும் கோப்போடு சேர்த்துக் குறித்துவைப்பதுண்டு. விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்து ‘அன்பிளாக்’ கொடுத்தால் அந்தக் குறிப்பு போய்விடும்.

செயலி கடைசி இடம். ஆண்ட்ராய்டில் வால்பேப்பரை மாற்றும் அனுமதியும் சரி, இணைய அனுமதியும் சரி, உங்களைக் கேட்காமலே கிடைத்துவிடும். ஒரு நிறத்தை நிரப்ப முதலாவது மட்டும் போதும். படங்களையோ இருப்பிடத்தையோ கேட்டால் அங்கேயே நீக்கிவிடுங்கள். செயலிதான் வேண்டுமென்றால் எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் களஞ்சியத்தில் இணைய அனுமதி இல்லாததைத் தேடுங்கள். பிளே ஸ்டோர் செயலிகளில் எத்தனை கண்காணிப்புக் கருவிகள் இருக்கின்றன என்று எக்ஸோடஸ் பிரைவசி தளத்தில் பார்க்கலாம்.

வழியைத் தேர்ந்தாயிற்று, நிறம்? இங்கேதான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 8.1 முதல், வால்பேப்பரின் முதன்மை நிறங்களை எந்தச் செயலியும் அனுமதி கேட்காமல் படிக்கலாம். ஆண்ட்ராய்டு 12-இன் மெட்டீரியல் யூ என்ற தோற்ற அமைப்பு அந்த நிறத்தை முழு இடைமுகத்துக்கும் பரப்புகிறது. 37, 114, 93 என்று யாருமே வைக்காத ஒரு பச்சையை வைத்தால், ஒரே போனில் உள்ள இரண்டு செயலிகள் ‘இது அதே ஆள்’ என்று ஒப்பிட்டுக்கொள்ள அது ஓர் அடையாளமாகிவிடும். எனவே போனில் தனித்துவம் வேண்டாம். கருப்போ சாம்பலோ வையுங்கள்.

ஓஎல்ஈடி திரையில் 0, 0, 0 வைத்தால் பிக்சல்களே அணைந்துவிடும், மின்கலமும் கொஞ்சம் மிஞ்சும். எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் பயனில்லை. ஆனால் அணைந்த பிக்சல் மீண்டும் எரியச் சற்று நேரமெடுக்கும். பக்கம் தள்ளும்போது ஐகான்களின் ஓரம் இழுபட்டுத் தெரிந்தால் 16, 16, 16-க்கு மாறுங்கள்.