பாளையங்கோட்டையில் ஒரு மாலைக் கல்வி மையம்: ஓராண்டுக்குப் பிறகு எழுதும் மதிப்புரை

எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படித்த கல்வியாண்டு முழுவதும், பள்ளி விட்டு வந்து முகம் கழுவிய கையோடு, பாளையங்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் கல்வி மையத்திற்குச் சென்றுவந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5.15 முதல் 7.15 வரை வகுப்பு. சனிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் வாசிப்பும் செய்முறையும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேருக்குமேல் சேர்ப்பதில்லை. மாதக் கட்டணம் 900 ரூபாய். குறைகளையும் எழுதப்போகிறேன் என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால் இதே அமைப்பில் நடக்கும் மையங்கள் இப்போது ஊருக்கு நான்கைந்து இருப்பதால், பிள்ளையைச் சேர்க்க யோசிக்கும் பெற்றோருக்கு இது பயன்படலாம்.

ஏழாம் வகுப்பிலேயே எதற்கு டியூஷன் என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. அந்தக் கொள்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் கூடவே ஒரு சிக்கலும் வருகிறது. ஆறாம் வகுப்பில் விட்ட பின்னத்தையும் ஏழாம் வகுப்பில் விட்ட குறை எண்களையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எல்லாம் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் நிழல் விழும்போது, மொத்தமாகத் தலை தூக்குகின்றன. அப்போது ஓடிப்போய் டியூஷனில் சேர்ப்பதைவிட இப்போதே பார்த்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குத் தோன்றியது.

மையத்தின் துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் இருப்பவை ரோபோட்டிக்ஸ், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி, 'ஆளுமை வளர்ச்சி' ஆகியவை. கடைசி வரியில் சிறிய எழுத்தில் 'தனிப்பட்ட வழிகாட்டி' என்று இருக்கிறது. ஓராண்டு முடிந்தபின் சொல்கிறேன்: அந்தக் கடைசி வரிக்காக மட்டுமே 900 ரூபாய் கொடுக்கலாம்.

ஒவ்வொரு வழிகாட்டியிடமும் நான்கைந்து பிள்ளைகள். வழிகாட்டிகள் ஒன்பது பேரும் உள்ளூர்க் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அக்கா, அண்ணன். பாடம் நடத்துவது அவர்கள் வேலை அல்ல. அதற்கு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரும் பி.எட். முடித்த மூன்று பேரும் இருக்கிறார்கள். பாடம் முடிந்த பிறகு வழிகாட்டி பிள்ளையின் அருகில் உட்கார்ந்து, அன்று பள்ளியில் எழுதியதையும் திருத்தி வந்த தாளையும் பார்க்கிறார். தவறிய கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்டுவதில்லை. 'தவறுக் குறிப்பேடு' என்று ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. அதில் இடப்பக்கம் தவறிய விடையை அப்படியே எழுத வேண்டும். வலப்பக்கம் அந்த விடைக்கு எப்படி வந்தாய் என்பதைப் பிள்ளை தன் சொற்களில் எழுத வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஐப்பசி மழையின் புண்ணியத்தில் நேரில் பார்த்தேன். மகளை அழைத்துப்போக வந்தவன், மழை விடும் வரை வாசற்படியில் நின்றிருந்தேன். இரண்டாம் பருவத்தில் தசம எண்கள் பாடம். 0.8, 0.45, 0.125 ஆகியவற்றை ஏறுவரிசையில் எழுதச் சொன்ன பள்ளித் தேர்வில், இவள் கேள்வியில் இருந்த வரிசையையே விடையாக எழுதியிருந்தாள். பள்ளித் தாளில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறியும் சுழியமும் மட்டும் இருந்தன. குறிப்பேட்டின் வலப்பக்கத்தில் அவள் எழுதியிருந்தது: "8 சின்னது, 45 பெரிசு, 125 எல்லாத்தையும்விடப் பெரிசு." வழிகாட்டி, பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கும் பெண், அதைப் படித்துவிட்டு, "சரி, 0.8 ரூபாய்னா எத்தனை பைசா?" என்று கேட்டாள். "எட்டுப் பைசா" என்று இவள் தயங்காமல் சொன்னாள். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. புள்ளிக்குப் பின்னால் வருவதை இவள் தனியான ஒரு முழு எண்ணாகவே படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வரைபடத் தாளில் பத்துக்குப் பத்துக் கட்டம் போட்டு, இது முழுசா ஒரு ரூபாய், பத்தில் எட்டுப் பங்குக்கு வண்ணம் தீட்டு என்றாள். எட்டு நெடுவரிசை நிறைந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் வரைந்து, நூறில் நாற்பத்தைந்து தீட்டு என்றாள். நாலரை நெடுவரிசையில் வண்ணம் நின்றுபோனதும், மகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். நாலு நாள் கழித்து அதே குறிப்பேட்டில் '0.3, 0.30: எது பெரியது?' என்ற கேள்வி வழிகாட்டியின் கையெழுத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எழுதி, ஏன் என்பதற்குக் கட்டமும் வரைந்திருந்தாள்.

இதில் புதுமை என்று ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்லலாம். தமிழக அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: தெருவிலேயே இருக்கும் தன்னார்வலர், மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும், ஆறு முதல் எட்டு வரை படிப்போருக்குப் பட்டம் பெற்றவரும் தன்னார்வலர் ஆகலாம் என்று இருந்தது. எங்கள் தெரு மையத்தில் இவள் நான்காம் வகுப்பில் படித்தாள். கொரோனாவில் மறந்துபோன வாய்ப்பாடு திரும்ப வந்தது அங்கேதான். அந்தக் காலத்தில் தமிழகக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, பள்ளி திறந்து ஆறு மாதத்திற்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதாகவும், அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திட்டத்தால் வந்ததாகவும் கணக்கிட்டது. ஆசிரியப் பயிற்சி பெறாத ஒருவர் அருகில் உட்கார்ந்து கேட்டாலே இவ்வளவு நடக்கும் என்றால், பாடத்தில் தேர்ந்த கல்லூரி மாணவி உட்கார்ந்தால் கூடுதலாக நடப்பதில் வியப்பில்லை.

இனி குறைகள். முதல் குறை இந்த மையத்தின் அமைப்பிலேயே இருப்பது. வழிகாட்டிகள் கல்லூரி மாணவர்கள். அவர்களுக்கு நவம்பரிலும் ஏப்ரலிலும் பருவத் தேர்வு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், ஆண்டுத் தேர்வு ஏப்ரலில். ஆக, பிள்ளைக்கு வழிகாட்டி மிகவும் தேவைப்படும் வாரங்களில்தான் வழிகாட்டி இருப்பதில்லை. மகளின் குறிப்பேட்டில் நவம்பர் 6 முதல் 28 வரையான பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. இடையில் இரண்டு இடத்தில் 'பார்த்தேன்' என்று எழுதி யாரோ சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்கள். ஒன்பது பேரில் இரண்டு பேர் மட்டும் வந்து நாற்பது பிள்ளைகளைப் பார்த்தால் அவ்வளவுதான் முடியும். நிர்வாகியிடம் கேட்டபோது, "பிள்ளைங்களுக்கும் பரீட்சை, அவங்களுக்கும் பரீட்சை, என்ன செய்ய சார்?" என்றார். வெவ்வேறு கல்லூரிகளிலிருந்தும் வெவ்வேறு ஆண்டுகளிலிருந்தும் ஆள் எடுத்தாலோ, பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருப்போர் இருவரைச் சேர்த்தாலோ இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கலாம். இதுவரை செய்யவில்லை.

இரண்டாவது, ரோபோட்டிக்ஸ். மாதக் கட்டணத்திற்கு வெளியே 4,500 ரூபாய், எட்டு சனிக்கிழமைகள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி. அதில் ஏற்கெனவே பொருத்தி வந்த பாகங்களைத் திருகாணியால் இணைத்தால், தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பின்பற்றி ஒரு வண்டி ஓடும். அது ஏன் நாடாவைப் பின்பற்றுகிறது என்று கேட்டதற்கு, "சென்சார் இருக்குப்பா" என்பதற்குமேல் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. கடைசி நாளில் பிள்ளைகளை வண்டியோடு நிறுத்திக் காணொளி எடுத்து, அதை அடுத்த ஆண்டின் விளம்பரத்திற்கு வைத்துக்கொண்டார்கள். அதே மையம் ஒரு சனிக்கிழமை கொக்கிரகுளத்தில் 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்திற்குப் பிள்ளைகளை நகரப் பேருந்தில் அழைத்துப்போனது. நுழைவுச்சீட்டுக்கும் பேருந்துக்கும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. அங்கே கையால் இழுத்தும் சுழற்றியும் பார்த்தவற்றைப் பற்றி இரண்டு வாரம் வீட்டில் பேசிக்கொண்டிருந்தாள். மாதம் ஒருமுறை இப்படி வெளியே கூட்டிப்போயிருந்தால் ரோபோட்டிக்ஸைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. மத்திய அரசின் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வு எட்டாம் வகுப்பில் எழுதுவது; மனத்திறனில் 90 மதிப்பெண், பாடங்களில் 90 மதிப்பெண் என இரு தாள்கள்; தேர்ச்சிப் பட்டியலில் வந்தால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வருமானம் குறைந்த வீட்டுக்கு நான்கு ஆண்டில் 48,000 ரூபாய் என்பது சிறிய தொகை அல்ல. ஆகவே மையம் அதற்குப் பயிற்சி கொடுப்பது சரிதான். ஆனால் செப்டம்பரிலிருந்து எட்டாம் வகுப்புக்கு வாரத்தில் மூன்று நாள் வழிகாட்டல் நேரம் முழுவதையும் அந்தப் பயிற்சியே விழுங்கிவிடுகிறது. இந்தத் தேர்வு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு மட்டும். தனியார் பள்ளிப் பிள்ளைகள் எழுத முடியாது. இருந்தும் வேறு அறை இல்லாததால் அவர்களும் அதே வகுப்பில் உட்கார்ந்து, தங்களுக்கு உதவாத மாதிரித் தாள்களை நிரப்புகிறார்கள். கட்டணத்தில் குறைப்பு இல்லை.

இடவசதி சுமார். மூன்று அறைகள், போதுமான மின்விசிறிகள், சுத்தமான கழிப்பறை. 6 மணிக்குச் சுண்டலோ வேர்க்கடலையோ கிடைக்கும். மாடிப்படி விளக்கு இரண்டு மாதம் எரியாமல் இருந்தது, மூன்று பேர் சொன்னபின் மாற்றினார்கள். 7.15க்குப் பிறகு பெண்பிள்ளைகளை அழைத்துப்போக ஆள் வரும் வரை மாடியை விட்டு இறக்குவதில்லை என்ற ஒழுங்கை ஆண்டு முழுவதும் தவறாமல் கடைப்பிடித்தார்கள். இதை மனதாரப் பாராட்டுகிறேன். பணியில் இருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர்கூட அங்கே பாடம் எடுப்பதில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனிப்பயிற்சி எடுப்பதைத் தடுக்கிறது என்பதைப் பல பெற்றோர் அறிவதில்லை. சேர்க்கைக்குப் போகும்போது, 'உங்கள் பள்ளி சாரே இங்கேயும் எடுக்கிறார்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் ஒருமுறை யோசிப்பது நல்லது.

மதிப்பெண்ணைக் கேட்போருக்கு: கணிதத்தில் காலாண்டில் 54, ஆண்டுத் தேர்வில் 71. ஆங்கிலத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி மனப்பாட உரையாகவே போயிற்று. அறிவியலில் வீட்டில் நாங்களும் உட்கார்ந்து படித்ததால், எவ்வளவு மையத்தால் என்று பிரித்துச் சொல்ல முடியாது. நானே அவளைக் கேட்கும் விதம் மாறியிருக்கிறது, விடை தவறினால் முன்பு குரல் உயரும், இப்போது "எப்படிப் போட்ட?" என்று கேட்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் எட்டாம் வகுப்புக்கு மீண்டும் சேர்த்திருக்கிறோம். ரோபோட்டிக்ஸுக்குப் பணம் கட்டவில்லை. வழிகாட்டல் நேரத்தை வாரத்தில் மூன்று நாளாவது விட்டுவைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், 'பார்ப்போம்' என்றார்கள். தசம எண்ணைக் கட்டம் போட்டுக் காட்டிய பெண் படிப்பை முடித்து பி.எட். சேரப் போய்விட்டாள். புதிய வழிகாட்டி இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவர். முதல் நாளே பழைய குறிப்பேட்டை வாங்கி, நவம்பர் மாத வெற்றுப் பக்கங்களைக் காட்டி, "இந்த நாள்கள்ல எல்லாத்தையும் சரியாவா போட்ட?" என்று மகளிடம் கேட்டிருக்கிறார்.