விடுபட்ட மூடுசொற்களை மீட்டுக் காட்டும் கருவி: ஒரு மாத அனுபவம்

லோஜ்பான் வாக்கியங்களைப் பகுத்துக் காட்டும் இலவச இணையக் கருவி ஒன்றை ஒரு மாதமாகப் பயன்படுத்தி வருகிறேன். 1987-இல் உருவாகத் தொடங்கிய இந்த ஆக்கமொழியில் (திட்டமிட்டு உருவாக்கிய மொழியில்) தொடர் எங்கே முடிகிறது என்று சொல்லவே தனிச் சொற்கள், அதாவது மூடுசொற்கள், உண்டு. குழப்பம் வராத இடத்தில் அவற்றை விட்டுவிடலாம். விட்டவற்றை மீட்டுக் காட்டுவதில்தான் இந்தக் கருவியின் அருமை இருக்கிறது.

'நாய் வருகிறது' என்று நினைத்துக்கொண்டு 'லோ கெர்கு க்லாமா' என்று தட்டினேன் ('லோ' பெயர்த்தொடரைத் திறக்கும் சொல், 'கெர்கு' நாய், 'க்லாமா' வருதல்). கருவி மூன்று சொற்களையும் ஒரே அடைப்புக்குள் போட்டது. நான் எழுதியது வாக்கியமே அல்ல. 'நாய் வகையைச் சேர்ந்த வரும் ஒன்று' என்ற வெறும் பெயர்த்தொடர். கெர்குவுக்குப் பின், பெயர்த்தொடரை மூடும் 'கு' சேர்த்தேன். அடைப்பு அங்கேயே மூடிக்கொண்டது, க்லாமா வெளியே வந்து பயனிலையாக நின்றது. இலக்கணக் குறிப்புகளைப் பலமுறை படித்தும் பிடிபடாதது அந்த ஒரு நொடியில் பிடிபட்டது.

அடுத்து, 'நீ வருவதை விரும்புகிறேன்' என்பதற்கு 'மி ட்ஜிஷா லோ நு தோ க்லாமா' என்று எழுதினேன். ஆறு சொற்களின் வாலில் நான்கு மூடுசொற்கள் மறைந்திருந்தன: வௌ (வினைத்தொடரை மூடுவது), கெய் ('நு' திறந்ததை மூடுவது), கு, மறுபடியும் வௌ. உடனே நம் 'வருவதை' நினைவுக்கு வந்தது. அதில் 'து' வினையைப் பெயராக்கி முடிக்கிறது. 'ஐ' அந்தப் பெயர்த்தொடரை முடிக்கிறது. கெய்யும் குவும் செய்யும் வேலைதான்.

மேற்கோளில் மட்டும் வழி பிரிகிறது. லோஜ்பானில் 'லு' திறக்கும், 'லிஹு' மூடும். தமிழில் மூடுவதற்கு 'என்று' இருக்கிறது, திறக்க எதுவும் இல்லை. 'நேற்று அவர் ஊருக்குப் போனார் என்று சொன்னார்.' நேற்று போனாரா, நேற்று சொன்னாரா? பேச்சில் குரல் காப்பாற்றிவிடும், எழுத்தில் காற்புள்ளிதான் துணை. வடமொழியின் 'இதி'யும் இப்படி மேற்கோளின் முடிவை மட்டும் காட்டுவதே.

குறைகளும் உண்டு. வாக்கியம் தவறினால் எந்த இடத்தில் நின்றது என்று மட்டும் சொல்கிறது, காரணம் சொல்வதில்லை. கைபேசியில் அடைப்புகள் நெருக்கியடித்து, எது எதற்கு இணை என்று விரலால் எண்ண வேண்டியிருக்கிறது. கணினித் திரையில் பாருங்கள். முதல் நாளே 'கு' உள்ள வாக்கியத்தையும் இல்லாததையும் அடுத்தடுத்துத் தட்டிப் பாருங்கள்.