எம்ஜிபிக்கு இரட்டை எஸ்யூவா, வெபரா?

கேம்ஷாஃப்ட்டும் எக்ஸாஸ்ட்டும் மாற்றிய 1798 சிசி எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்தக் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) நல்லது? பெங்களூர் சாலைக்கு இரட்டை எஸ்யூ எச்எஸ்4தான் என்பேன்.

எஸ்யூவுக்குக் காதும் விரலும் போதும். இன்ஜின் சூடானதும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக மெல்லத் தூக்குங்கள். ஆர்பிஎம் ஏறி அப்படியே நிலைத்தால் ரிச், அதாவது கலவையில் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் லீன், பெட்ரோல் குறைவு. லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. அடியிலுள்ள ஜெட் (பெட்ரோல் வரும் துளை) நட்டைக் கொஞ்சம் திருப்பினாலே வித்தியாசம் கேட்கும். கீழே இறக்கினால் ரிச். அப்புறம், பிஸ்டன் சட்டென எழாமல் தடுக்கும் டேஷ்பாட் எண்ணெயைப் பாருங்கள். அது வற்றினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும். பலர் ஜெட்டைக் குறை சொல்வார்கள், பாவம்.

வெபர் 45 டிசிஓஇ உறிஞ்சும் சத்தம் இருக்கிறதே, அதற்கு ஈடில்லை. மேல் ஆர்பிஎம்மில் இழுவையும் கூடும். ஆனால் கலவையைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட், ஏர் கரெக்டர், எமல்ஷன் டியூப் என ஒவ்வொன்றையும் வாங்கி மாற்றிப் பார்க்க வேண்டும். சென்னையில் பொருந்திய ஜெட், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இங்கே ரிச்சாகிவிடும். அல்சூர் நண்பர் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன்: விளக்குத்திரி போலக் கரி. சில்க் போர்டு நெரிசலில் ஐடிலிலேயே நின்ற வண்டி அது. சிறிய ஐடில் ஜெட் போட்ட பிறகுதான் தெளிந்தது.