சூடோமோனாஸ்: பல பருவங்கள் பயன்படுத்திய அனுபவம்

தக்காளி, மிளகாய், கத்தரி என எதற்கு நாற்று விட்டாலும் சூடோமோனாஸ் புளோரசன்ஸ் பவுடர் இல்லாமல் நான் தொடங்குவதில்லை. வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று: இது நோய் வந்த பிறகு கொடுக்கும் மருந்தல்ல. நோய்க்கிருமிக்கு முன்னால் வேரில் இடம் பிடிக்க வேண்டிய பாக்டீரியா. வாட ஆரம்பித்த செடிகளுக்கு ஊற்றிப் பார்த்தேன், ஒன்றும் மீளவில்லை.

பலன் பளிச்சென்று தெரிவது நாற்றங்காலில்தான். கிலோ விதைக்கு 10 கிராம் கலந்து, நிழலில் உலர்த்தி விதைக்கிறேன். நடும் முன் நாற்றின் வேரைக் கரைசலில் அரை மணி நேரம் நனைக்கிறேன். திட்டுத்திட்டாக நாற்று அழுகிச் சாய்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. தண்ணீர் தேங்கும் பாத்தியில் மட்டும் அழுகல் நிற்கவில்லை. ஈரம் மிஞ்சினால் நாற்றை அழுகவைக்கும் பித்தியம் பூசணத்தின் கைதான் ஓங்கும், வடிகாலைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு இன்றும் வியப்புதான். மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் பெரும்பகுதி கரையாத வடிவில் கிடக்கும். இந்தப் பாக்டீரியா சிடரோஃபோர் என்ற பொருளைச் சுரந்து, கிடைக்கிற இரும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பூசணம் இரும்பில்லாமல் தவிக்கிறது. சில ரகங்கள் பூசணத்தைக் கொல்லும் பொருளையும் சுரக்கின்றன. போதாததற்கு, செடியின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தூண்டிவிடுவதால் வேரில் இருந்துகொண்டே இலை நோயையும் ஓரளவு தடுக்கும். கோதுமையைத் தொடர்ந்து பயிரிடும் சில நிலங்களில் 'டேக்-ஆல்' என்ற வேர்நோய் சில வருடங்கள் வாட்டி எடுத்துவிட்டுத் தானாகவே அடங்குவதற்கும் இந்த இனப் பாக்டீரியாக்கள் பெருகுவது முக்கியக் காரணம்.

வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து போடச் சொல்வார்கள். தொழு உரம் இல்லாமல் வெறும் மணலில் கலந்து தூவிய இடத்தில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

குறை என்றால் ஆயுள்தான். சூடோமோனாஸ் வித்து (ஸ்போர் எனப்படும் உறக்க வடிவம்) உண்டாக்காது, அதனால் பாக்கெட்டுக்குள் மாதங்கள் போகப்போக உயிருள்ள எண்ணிக்கை சரியும், வெயில் பட்டால் இன்னும் வேகமாக. காலாவதியை நெருங்கிய பாக்கெட் ஒருமுறை கைக்கு வந்தது, அதில் பலனே இல்லை. தயாரிப்புத் தேதியைப் பார்த்தே வாங்குங்கள். காப்பர் மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றோடு கலக்கவே கூடாது. அப்புறம், வாங்கி வைத்துத்தான் பயன்படுத்த முடியும் என்றால் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா நல்லது. அது வித்தாக உறங்கிக் கிடப்பதால் வெப்பத்தையும் தாங்கும், நீண்ட நாளும் இருக்கும்.