குமரி அடுக்களையில் ஓர் ஓடிஜி ஓவன்: ஒன்பது கிறிஸ்துமஸ் அனுபவம்

2016 அக்டோபரில் 28 லிட்டர் கொள்ளளவும் 1600 வாட் திறனும் கொண்ட ஓடிஜி ஓவன் (சுடவும் வாட்டவும் உதவும் மேசை மின் அடுப்பு) ஒன்றைக் குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் வாங்கி, கருங்கலுக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். 2024 டிசம்பரோடு அது ஒன்பது கிறிஸ்துமஸைப் பார்த்துவிட்டது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் கருத்துகள் ஏராளமாகக் கிடைப்பதால், ஒரே ஓவனில் ஆண்டுதோறும் ஆறேழு பிளம் கேக் சுட்டு உறவினர் வீடுகளுக்குக் கொடுத்துவரும் ஒருத்தியின் அனுபவமும் யாருக்கேனும் உதவும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு கேக் மேலே கருகி வெடித்து, நடுவில் மாவாகவே இருந்தது. அளவுகளைக் குறிப்பில் உள்ளபடியே எடுத்திருந்தேன்: எட்டு அங்குல டின்னுக்கு மைதா 250 கிராம், வெண்ணெயும் சீனியும் தலா 200 கிராம், முட்டை நான்கு, ஊறிய பழங்கள் ஏறக்குறைய அரைக் கிலோ. சீனியைக் கருக்கி எடுத்த பாகும் பதமாகவே இருந்தது. மறு ஆண்டு ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வைத்துப் பார்த்த பிறகுதான் காரணம் புரிந்தது. வெப்பக் குமிழை 160 பாகையில் (டிகிரி செல்சியஸ்) நிறுத்தினால், உள்ளே வெப்பம் 185 வரை ஏறி நின்றது. பழம் மிகுந்த கனமான கேக்குக்கு 150 பாகை அளவிலான மிதமான சூடும் நீண்ட நேரமும் தேவை. சூடு மிகுந்தால் நடுப்பகுதி வேகும் முன்பே மேற்பரப்பு இறுகிவிடுகிறது, பிறகு உள்ளிருந்து எழும்பும் மாவு அதைப் பிளந்துகொண்டு வருகிறது. இப்போது குமிழை 130க்குச் சற்று மேலே வைக்கிறேன். மேலும் கீழும் உள்ள இரண்டு சூடாக்கும் கம்பிகளையும் போட்டுப் பதினைந்து நிமிடம் சூடாக்கி, கேக்கை வைத்த பின் கீழ்க்கம்பியை மட்டும் எரியவிடுகிறேன். டின்னின் வெளிப்புறத்தில் பழுப்புத் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றிக் கட்டுகிறேன். ஒன்றே முக்கால் மணி நேரத்தில், ஈர்க்கிலைக் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டாமல் வருகிறது. ஓவன் வாங்குகிறவர்கள் அலங்கார டின்களுக்குச் செலவிடும் முன் அந்தச் சிறிய வெப்பமானியை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

பழங்களை ஊறவைப்பதிலும் ஒரு தவறு செய்தேன். ஒரு மாதம் ஊற வேண்டும் என்று கேட்டதை அப்படியே நம்பி, உலர்திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைத் திராட்சைச் சாற்றில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தபோது நுரை பொங்கி, புளித்த வாடை அடித்தது. மாதக்கணக்கில் ஊறவைக்கும் வழக்கம் ரம் போன்ற மதுவுக்கு உரியது. அதிலுள்ள ஆல்கஹால் பழத்தைக் கெடாமல் காக்கும். எங்களைப் போல் மது சேர்க்காதவர்கள் சாற்றில் இரண்டு மூன்று நாள், அதுவும் குளிர்பெட்டியில், ஊறவைத்தாலே போதுமானது. அப்படிச் செய்த கேக்கை நெடுநாள் வெளியே வைத்திருக்கக் கூடாது. நாங்கள் புத்தாண்டுக்குள் முடித்துவிடுகிறோம். மசாலாவுக்கு வேறெங்கும் போக வேண்டியதில்லை. புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு மாறாமலைப் பகுதியில் விளைகிறது. அதில் நான்கைந்தைச் சுக்கோடும் பட்டையோடும் வறுத்துப் பொடித்துச் சேர்த்தால் வீடெல்லாம் மணக்கும்.

மின்சாரச் செலவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒரு கேக்குக்கு இரண்டு யூனிட்டைத் தாண்டியதில்லை. மின்னழுத்தம்தான் உண்மையான தொல்லை. டிசம்பர் மாலைகளில் ஒவ்வொரு வீட்டிலும் நட்சத்திரமும் குடிலும் ஒளிரத் தொடங்கும்போது எங்கள் தெருவில் அழுத்தம் 190 வோல்ட் வரை இறங்கிவிடுகிறது. 230 வோல்ட்டில் 1600 வாட் தரும் கம்பி, 190 வோல்ட்டில் ஏறக்குறைய 1100 வாட்தான் தரும். மாலையில் சுட்ட கேக் ஏன் அமுங்கிப்போகிறது என்று இரண்டு ஆண்டுகள் குழம்பிய பிறகு, விடியற்காலை நான்கு மணிக்குச் சுடத் தொடங்கினேன். அன்றிலிருந்து ஒரு கேக்கும் அமுங்கியதில்லை.

2017ஆம் ஆண்டு மட்டும் கேக் சுட்ட ஆண்டுகளின் கணக்கில் சேராது. நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ரப்பரையும் வாழையையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டுப் போனது. எங்களுக்கு மின்சாரம் திரும்பவே பல நாட்களாயின. கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் வீடுகள் காத்துக்கிடந்த அந்த டிசம்பரில், எங்கள் வீட்டில் கேக்கும் சுடவில்லை, எண்ணெய்ச் சட்டியும் வைக்கவில்லை.

இனி பலகாரம். ஓவன் வந்த புதிதில் முந்திரிக்கொத்தையும் அதில் செய்துவிடலாம் என்று எண்ணினேன். வெளியூர்க்காரர்கள் பெயரைக் கேட்டு முந்திரிப் பருப்பைத் தேடுவார்கள். எங்கள் பக்கம் அதற்கு அண்டிப்பருப்பு என்றே பெயர், இந்தப் பலகாரத்தில் அதற்கு இடமும் இல்லை. முந்திரி என்றால் இங்கே திராட்சை; திராட்சைக் குலைபோல மூன்று உருண்டைகள் சேர்ந்திருப்பதால்தான் இது முந்திரிக்கொத்து. சிறுபயற்றை ஓவனில் வறுத்துப் பார்த்தேன்; ஓரத்தில் கிடந்தது கருகியது, நடுவில் கிடந்தது பச்சையாக இருந்தது. உருளியில் கைவிடாமல் கிளறி வறுத்தால்தான் ஒரே நிறமாக வருகிறது. அந்தப் பயற்றுப்பொடியோடு வறுத்த தேங்காய், எள், ஏலம், சுக்கு சேர்த்துக் கருப்பட்டிப் பாகில் உருட்டி, மறுநாள் மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் தோய்த்துத் தேங்காயெண்ணெயில் பொரிக்க வேண்டும். ஓவனில் வைத்த உருண்டைகளின் மேல்மாவு வெடித்து, பாகு தட்டில் வழிந்து ஒட்டிக்கொண்டது. அதோடு அந்த முயற்சியை நிறுத்திவிட்டேன்.

பூ வடிவ அச்சை மாவில் தோய்த்துப் பொரிக்கும் அச்சு முறுக்குக்கும் அடுப்புதான். மாமி தன் திருமணத்தின்போது கொண்டுவந்த வெண்கல அச்சு இன்றும் பழுதில்லாமல் இருக்க, மைனி (அண்ணி) கடையில் வாங்கித் தந்த அலுமினிய அச்சு இரண்டே ஆண்டில் காம்பு ஆடிப்போயிற்று. கனமான அச்சு எண்ணெயின் சூட்டைத் தன்னில் தேக்கிவைத்திருப்பதால் மாவு உடனே பற்றிக்கொள்கிறது. மெல்லிய அச்சோ மாவில் இறங்கியதுமே ஆறிவிடுகிறது. "மக்களே, அச்சு எண்ணெயில நல்லா சூடாவட்டு, பெறவு மாவுல முக்கு, முழுசா முங்க விடாத" என்று மாமி ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். முக்கால் உயரத்துக்கு மேல் மாவு ஏறினால் பூ அச்சிலிருந்து கழன்று வராது. மாவில் சீனி கூடினாலும் அதே கதிதான்.

இதில் ஓவன் ஒரு வேலைக்குக் கைகொடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓயாத ஈரக்காற்றில் முறுக்கு இரண்டே நாளில் நமர்த்துப்போகும். அதைத் தட்டில் பரப்பி 100 பாகையில் எட்டு நிமிடம் வைத்து, முழுவதும் ஆறிய பின் தகர டின்னில் அடைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடுகிறது.

ஐந்தாம் ஆண்டில் மேல்கம்பி எரிந்துபோனது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் இல்லை என்று நிறுவனத்தின் சேவை மையம் கைவிரித்துவிட்டது. உள்ளூர் மின்பொருள் கடைக்காரர் அதே நீளக் கம்பியை 450 ரூபாய்க்குப் போட்டுத் தந்தார். குமிழின் எண்கள் அழிந்துபோனதால் நகப்பூச்சால் மூன்று புள்ளிகள் வைத்திருக்கிறேன். எட்டு அங்குல டின் இரண்டை ஒன்றாக வைக்க இடம் போதாததால், ஆறு கேக்குக்கு மூன்று விடியற்காலைகள் செலவாகின்றன. இனி வாங்குவதாக இருந்தால் 40 லிட்டருக்குக் குறைவாக வாங்க மாட்டேன். ஆண்டுக்கு ஓரிரு கேக் மட்டும் சுடும் வீட்டுக்கு 28 லிட்டரே தாராளம். இப்போது கதவின் சுருள்வில் தளர்ந்து, மேல்விளிம்பில் சூடு கசிகிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய தயாரிப்புக் காலமான அட்வென்ட்டின் முதல் ஞாயிறுக்குள் அதை மாற்றிவிட வேண்டும்.