அப்பாவுக்கு நெட் இல்லாத ஏர்டெல் ரீசார்ஜ்

வீட்டில் வைஃபை இருக்கிறது, அப்பா வெளியே போவது காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும்தான், பிறகு எதற்குத் தினமும் ஒன்றரை ஜிபி? 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் வேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகு வந்ததுதான் ஏர்டெல்லின் 1849 ரூபாய் திட்டம். 365 நாள், அளவில்லாத அழைப்பு, 3600 எஸ்எம்எஸ். மாதத்துக்குச் சுமார் 154 ரூபாய்தான் ஆகிறது. 28 நாள் பேக் போட்டால் வருடத்துக்கு 13 தடவை ரீசார்ஜ் செய்ய வேண்டும், அந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே எரிச்சல்.

பேங்க் ஓடிபி தடையில்லாமல் வருகிறது. வாட்ஸ்அப் வீட்டு வைஃபையில் ஓடுகிறது, வீடியோ காலும் அதிலேயே. குடும்ப குரூப்பில் காலை வணக்கப் படங்கள் குவிந்து போனை நிரப்பியதால் வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா போய் தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்திவிட்டேன், இனி தொட்டால்தான் இறங்கும். வாட்ஸ்அப் மாதிரியே இன்னொரு மெசேஜ் ஆப்பான சிக்னலும் போட்டுக் கொடுத்தேன், ஆனால் சொந்தக்காரர் யாரும் அதில் இல்லாததால் சும்மா கிடக்கிறது.

குறை என்றால், வாசல் தாண்டியதும் வாட்ஸ்அப் செத்துவிடும். ஆட்டோக்காரருக்கு லொகேஷன் அனுப்ப முடியாது, கடையில் ஜிபே ஸ்கேனும் நடக்காது. அதற்கு அப்பா சட்டைப் பையில் சில்லறை வைத்திருக்கிறார், சரி. அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம்.