ராணுவ அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பிக்கிறீர்களா? மெயில் ஐடியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்

வேலூர் மாவட்டத்தில் ஒரு பயிற்சி மையம். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியான ஓ.டி.ஏ.வில் சேர, ‘விண்ணப்பம் முதல் ஜாயினிங் வரை’ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என் தம்பியிடம் 62,000 ரூபாய் வாங்கினார்கள். எழுத்துத் தேர்வில் அவன் பாஸாகிவிட்டான். அதற்குப் பிறகு அவர்கள் செய்வதாகச் சொன்னது பத்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதனால் வந்த சிக்கலைத் தீர்க்க இன்னும் மூன்று லட்சம் கேட்டார்கள். கூட்டத்தில் பாக்கெட் அடித்துவிட்டு, ‘பர்ஸைத் தேடித் தர்றேன், கூலி குடுங்க’ என்று வந்து நிற்பவனைப் போல.

எங்கள் பக்கம் ராணுவம் புதிதல்ல. தெருவுக்கு நாலு பேர் சர்வீஸில் இருப்பார்கள், இல்லையென்றால் பென்ஷன் வாங்குவார்கள். ஆனால் அவர்கள் எல்லோருமே ஆள்சேர்ப்பு முகாமில் ஓடி, ஜவானாகச் சேர்ந்தவர்கள். அதிகாரியாகச் சேரும் வழி வேறு என்பது வரைக்கும் ஊருக்குத் தெரியும். அந்த வழியில் என்னென்ன படி இருக்கிறது, எதற்கு எவ்வளவு கட்டணம், யார் கூப்பிடுவார்கள் என்பது தெரியாது. அந்த இருட்டில்தான் இப்படிப்பட்டவர்கள் கடை போடுகிறார்கள்.

முதலில் கட்டணக் கதை. தம்பி எழுதியது, முப்படைகளுக்கும் அதிகாரிகளை எடுக்க யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. வருடத்துக்கு இரண்டு முறை வரும். டேராடூன் ஐ.எம்.ஏ. (இந்திய ராணுவ அகாடமி), எழிமலா கடற்படை அகாடமி, ஹைதராபாத் பக்கம் துண்டிகல் விமானப்படை அகாடமி, சென்னை ஓ.டி.ஏ. நான்குக்கும் இந்த ஒரே தேர்வுதான். விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் அதுவும் கிடையாது. மையத்தில் ‘அப்ளிகேஷன் சார்ஜ்’ என்று வாங்கியது 2,000. தம்பியோடு படித்த ஒரு பெண்ணிடமும் அதே 2,000. அந்தப் பெண்ணுக்குக் கட்டணமே இல்லை என்று நான் பின்னால் சொன்னபோது, ‘அப்படியாக்கா? கவர்மென்ட் ஃபீஸ்னுதானே சொன்னாங்க’ என்றாள்.

கோர்ஸ் ஃபீஸ் 45,000. அதில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தம்பிக்கு ஐ.எம்.ஏ. வயது வரம்பு தாண்டியிருந்தது. ஓ.டி.ஏ.வுக்கு ஒரு வயது கூடுதலாக அனுமதிப்பதால் அவன் ஓ.டி.ஏ. மட்டுமே போட முடியும். ஓ.டி.ஏ.வுக்கு இரண்டே தாள்: ஆங்கிலம், பொது அறிவு, ஒவ்வொன்றும் 100 மதிப்பெண். கணக்குத் தாள் கிடையாது. இவர்கள் அவனுக்கு மாதக்கணக்கில் கணக்குப் பாடம் நடத்தினார்கள்! கேட்டால், ‘பேஸ் ஸ்ட்ராங்கா இருக்கணும் தம்பி’ என்று பதில். பொது அறிவுக்கு யாரும் வரவே இல்லை. அதை அவன் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டான்.

எஸ்.எஸ்.பி. வகுப்பு இன்னும் வேடிக்கை. எஸ்.எஸ்.பி. என்பது எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் நடக்கும் நேர்காணல் முகாம். அதில் உளவியல் தேர்வு அன்று படங்களைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். ஒரு படம் 30 விநாடி திரையில் இருக்கும், எழுத நான்கு நிமிடம். பதினோரு படம் முடிந்து பன்னிரண்டாவதாக வெறும் வெள்ளைத் திரை வரும், அதற்கும் கதை வேண்டும். பிறகு 60 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் 15 விநாடியில் மனதில் பட்டதை வாக்கியமாக எழுத வேண்டும். யோசித்து ஜோடிக்க நேரம் கொடுக்காமல் ஆளைப் பார்ப்பதுதான் அதன் நோக்கமே. இந்த மையத்தில் அதற்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். எல்லாக் கதையிலும் நாயகன் பெயர் ராகுல். ராகுல் கிராமத்துக்கு ரோடு போடுகிறான், வெள்ளத்தில் குழந்தையைக் காப்பாற்றுகிறான், கடைசியில் கலெக்டர் வந்து கைகொடுக்கிறார். ஒரே பேட்ச் பையன்கள் அத்தனை பேரும் போய் ராகுலை எழுதிக் கொடுத்தால் அங்கே இருக்கும் உளவியல் அதிகாரி என்ன நினைப்பார் என்று கேட்கக்கூட அங்கு ஆளில்லை.

நடத்துபவரை எல்லோரும் ‘மேஜர் சார்’ என்பார்கள். எங்கள் தெருவில் சுபேதாராக ஓய்வு பெற்ற ஒரு பெரியப்பா இருக்கிறார். ஒருநாள் தம்பியோடு போனவர் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்: ‘சார், எந்த ரெஜிமென்ட்?’

‘அதெல்லாம் சீக்ரெட்ங்க.’

பெரியப்பா வீட்டுக்கு வந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! ராணுவத்தில் இருந்தவர் ரெஜிமென்ட் பெயரைக் கேட்டால் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார், யாரும் மறைப்பதில்லை. அன்றைக்கே அவர், ‘இவன் ஆள் சரியில்லம்மா’ என்றார். ஆனால் கோர்ஸ் பணம் முழுதும் கட்டியாகிவிட்டது, தேர்வும் நெருங்கிவிட்டது.

சரி, இப்போது முக்கியமான விஷயம். விண்ணப்பம் போடும்போது மையத்தின் மெயில் ஐடியையும் மையத்தின் போன் நம்பரையும்தான் கொடுத்தார்கள். ‘உங்க நம்பர் குடுத்தா ஓ.டி.பி. மிஸ் ஆகிடும், நாங்களே பார்த்துக்கிறோம்’ என்று எல்லாப் பையன்களுக்கும் இதேதான். தேர்வு முடிந்து ரிசல்ட் வந்தது. யு.பி.எஸ்.சி. வெளியிட்ட பட்டியலில் தம்பியின் எண் இருந்தது. வீட்டில் பாயசம் எல்லாம் வைத்தோம். மறுநாளே மையத்திலிருந்து போன்: ‘எஸ்.எஸ்.பி. பேக்கேஜ் 15,000. டேட் புக்கிங், பெங்களூர்ல தங்குறது, சாப்பாடு எல்லாம் சேர்த்து.’ அதையும் கட்டினோம்.

உண்மை என்னவென்றால், ராணுவத்தை முதல் விருப்பமாகக் கொடுத்துப் பாஸானவர்கள் ரிசல்ட் வந்த இரண்டு வாரத்துக்குள் ‘ஜாயின் இந்தியன் ஆர்மி’ இணையதளத்தில் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அப்போதுதான் எஸ்.எஸ்.பி. அழைப்பு வரும். பதிவுக்குக் காசு கிடையாது. தேதியை விண்ணப்பித்தவரே அந்தத் தளத்தில் தேர்ந்தெடுக்கலாம், முந்திக்கொள்பவருக்கு முன்னுரிமை. முகாமில் தங்குவதும் சாப்பாடும் இலவசம். முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தைக்கூடத் திருப்பித் தருவார்கள். இது எதுவும் ரகசியம் இல்லை, ரிசல்ட் பட்டியலோடு வரும் குறிப்பிலேயே இந்தப் பதிவு பற்றி எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படித்தபோது கெடு தாண்டிவிட்டிருந்தது.

‘பதிஞ்சாச்சு, கவலைப்படாதீங்க’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வேறு ஊரில் தானாக விண்ணப்பித்த அவன் கல்லூரி நண்பனுக்கு பெங்களூர் தேதி வந்துவிட்டது. இவனுக்கு ஒன்றும் இல்லை. அந்த மெயிலின் பாஸ்வேர்டைக் கேட்டால் ‘சிஸ்டம் மேனேஜர் லீவு’. கடைசியில் என்னை நேரில் வரச் சொன்னார் அந்த ‘மேஜர்’.

‘தம்பி பேரு டெல்லில ஹோல்டுல நிக்குது மேடம். நம்ம ஆள் ஒருத்தர் இருக்காரு. மூணு குடுத்தா ஹோல்டும் எடுத்துடுவாரு, கான்ஃபரன்ஸ்லயும் பார்த்துக்குவாரு.’

‘எழுதிக் குடுப்பீங்களா சார்?’

‘இதெல்லாம் எழுதற விஷயமா?’

மூன்று லட்சம் கொடுத்தால்கூட அவர் சொன்னது நடக்க வழியே இல்லை. எஸ்.எஸ்.பி.யில் ஒருவரை மூன்று பேர் தனித்தனியாக மதிப்பிடுகிறார்கள்: நேர்காணல் அதிகாரி, உளவியல் அதிகாரி, மைதானத்தில் குழு வேலைகளைப் பார்க்கும் அதிகாரி. உளவியல் அதிகாரி உங்கள் காகிதத்தை வைத்து மட்டுமே முடிவு செய்கிறார். கடைசி நாள் கான்ஃபரன்ஸில்தான் மூவரும் தங்கள் முடிவை மேசையில் வைப்பார்கள். முடிவும் அன்றைக்கே தெரிந்துவிடும். பிறகு ராணுவ மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை, அதற்கும் பிறகு எழுத்துத் தேர்வு 200, எஸ்.எஸ்.பி. 200 என்று மதிப்பெண்ணைக் கூட்டி யு.பி.எஸ்.சி. தகுதிப் பட்டியல் போடும். இதில் எந்த இடத்தில் ‘நம்ம ஆள்’ உட்கார்ந்திருக்கிறார்?

இன்னொரு தந்திரம் வைத்திருந்தார். ‘செலக்ட் ஆனா ட்ரெயினிங் டெபாசிட் 2 லட்சம், பாண்டு இருக்கு’ என்றார். பத்திரம் ஒன்று இருப்பது உண்மைதான். சொந்தக் காரணத்துக்காகப் பயிற்சியைப் பாதியில் விட்டால் செலவைத் திருப்பிக் கட்டுவதாக எழுதி வாங்குவார்கள். முன்பணம் எதுவும் கிடையாது. சொல்லப்போனால் பயிற்சிக் காலத்தில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை தருவது அரசாங்கம்தான். பாதி உண்மையைக் கலந்து சொல்வதால்தான் இவர்கள் பேச்சு நம்பும்படி இருக்கிறது.

நான் அவர் பேசியதைப் போனில் பதிவு செய்திருந்தேன். அங்கிருந்து நேராக மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்தோம். வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றும் வழக்குகள் அங்கே நிறைய வருகின்றன என்று அங்கிருந்த எழுத்தரே சொன்னார். ஜிபே ஸ்டேட்மென்ட் கைகொடுத்தது, ஏனென்றால் மையம் கொடுத்த ரசீதில் ‘ஸ்டடி மெட்டீரியல்’ என்று மட்டுமே இருந்தது. போலீஸ் கூப்பிட்ட பிறகு எஸ்.எஸ்.பி. பேக்கேஜ் 15,000 திரும்பி வந்தது. மீதிக்கு ‘கோர்ஸ்தான் முடிச்சுட்டோமே’ என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் வரைக்கும் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்து வைத்தோம்.

பணத்தை விடுங்கள். தம்பிக்கு அது ஓ.டி.ஏ.வுக்குக் கடைசி வாய்ப்பு. அடுத்த சி.டி.எஸ். அறிவிப்பு வந்தபோது அவன் பிறந்த தேதி வரம்புக்கு வெளியே போய்விட்டது. பாஸாகியும் எஸ்.எஸ்.பி. வாசலைப் பார்க்காமல் முடிந்தது. இதை எந்த ஆணையம் திருப்பித் தரும்? இரண்டு வாரம் வீட்டில் யாரோடும் அவன் சரியாகப் பேசவில்லை.

அப்புறம் பெரியப்பாதான் விமானப்படை அதிகாரிகளுக்கான ஏ.எஃப்.கேட். தேர்வு அறிவிப்பை எடுத்து நீட்டினார். அதில் தரைப் பணிப் பிரிவுகளுக்கு 26 வயது வரை போகலாம், பட்டப்படிப்பில் 60 சதவீதம் வேண்டும், அவனிடம் இருக்கிறது. விண்ணப்பத்தை அவனே போனில் போட்டான், அவன் மெயில், அவன் நம்பர், அவன் பாஸ்வேர்டு. ஓ.டி.பி. ஒன்றும் மிஸ் ஆகவில்லை.

அந்த மையத்தில் உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ பணம் கட்டியிருந்தால், ரசீதையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் எடுத்துக்கொண்டு வேலூர் மாவட்டக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். எங்களோடு சேர்த்து இதுவரை இரண்டு குடும்பம்தான் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த பேட்ச்சில் இருந்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது என்கிறான் தம்பி.